தேறுவேனா என்று கேட்டாய்

தம்பி,

பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் கேட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு உள்ள இரைச்சல். பால்கோவாப் பொட்டலங்களை ஜன்னல் ஜன்னலாக நீட்டுகிறவர்கள். "மதுரை, மதுரை" என்று தகரத்தை அடிக்கிற கண்டக்டர். நீ ஜன்னல் கம்பிக்குள் குனிந்து, பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில், "அப்பா, நான் தேறுவேனா? ஒங்களுக்குத் தெரியும்ல" என்றாய். நான் "தண்ணி எடுத்துக்கிட்டியா" என்றேன். நீ சிரித்தாய். பஸ் போய்விட்டது. எதிர்ச் சுவரில் உன் போஸ்டர். கையுறைக்கு மேலே உன் கண்கள். கீழே பெரிய எழுத்தில், 'தெற்கத்திப் புயல், தோல்வியே காணாதவன்.' ஓர் ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று அதன் ஓரத்தை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. சற்று நேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அந்தக் கேள்வியை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஊரார் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளை கேட்டதும் வாய் தண்ணீர் பாட்டிலுக்குப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். பம்பாய்க் குத்துச்சண்டைக்கான ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். பதில் இதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

நான் பேனாவை எடுத்ததுமே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"அவன் ஆட்டம் நல்லா இல்லன்னு எழுதிருங்க."

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

"ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்புட்டு நெசம் சொன்னீகள்ல. நம்ம பிள்ளைக்கு ஒரே ஒரு பொய் சொல்லுங்க. கொறஞ்சா போயிருவீக? அவன் ஒங்க பேச்சைத்தான் கேப்பான்."

கேட்பாய். அதுதான் பயமாக இருந்தது. 'உன் கால் மெதுவாக இருக்கிறது, தாடையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய், இதை விட்டுவிடு' என்று ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. திரும்பப் படித்தேன். நீ அதை ஒரு வாரம் நம்பியிருப்பாய். பிறகு என்னைப் பொய்யாக்குவதற்காகவே ரிங்கில் ஏறியிருப்பாய். ஒருவனுக்கு நிரூபித்துக் காட்டப் போகிறவன் தன்மேல் விழுகிற அடியைக் கவனிப்பதில்லை. வாங்கிக்கொண்டே இருப்பான். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ரசத்தில் உப்பு இல்லை.

உனக்குத் தெரிந்த அப்பா டுடோரியல் காலேஜ் வாத்தியார். அதற்கு முன்னால் மதுரையில் எம்.ஏ. படித்த காலத்தில் பல்கலைக்கழகத்துக்காகக் கொஞ்சம் குத்துச்சண்டை போட்டவன். பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கத் தெரியும், அடிவாங்கத் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்துக்கு வீடியோ டெக் வந்தது. வெளிநாட்டுச் சண்டைகளின் கேசட்டுகள் வந்தன. நாலு மில்காரர் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கமிட்டி ஆரம்பித்தார்கள். காசு கொடுத்துச் சண்டை, டிக்கெட் போட்டுச் சண்டை. பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கியின் முற்றத்தில் பலகை அடித்து, சாக்கு விரித்து, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் ரிங். கயிற்றுக்குத் துணி சுற்றியிருப்பார்கள். கையில் சுற்றுவது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. சண்டை முடிந்ததும் அதே துணியைத் தலையில் சுற்றுவார்கள். பையன்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வந்தார்கள், சேத்தூர், தளவாய்புரம், வத்திராயிருப்பு. ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டம். இரும்புக் கை. இடிமுழக்கம். ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி நோட்டீஸை வீசிக்கொண்டு போவார்கள். கமிட்டித் தலைவர் என்னிடம் வருவார். "போய்ப் பாத்துட்டு வாங்க சார். சத்தம் பெருசா இருக்கு. உள்ள ஆளு இருக்கானான்னு தெரியல."

அதுதான் என் வேலை. சத்தத்துக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்ப்பது.

ஜமாலை உனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் உனக்குத் தீபாவளிச் சட்டைத்துணி எடுக்கிற கடைக்காரர். அந்தத் தொப்பைக்காரர்தான் அன்றைக்கு இரும்புக் கை. சண்டை போட்ட எல்லாவற்றிலும் நாக்அவுட். சுவரெல்லாம் அவர் முகம். அவர் யாரை அடித்தார் என்று நான் விசாரித்தேன். எதிராளிகள் எல்லாம் மில்லில் ஷிப்ட் முடித்து வந்த ஆட்கள். புரோட்டாவும் டீயும் வாங்கிக்கொடுத்து ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒருவன் கையுறை முகத்துக்கு வருவதற்கு முன்பே மல்லாந்துவிட்டான். கூட்டத்தில் ஒருத்தர், "ஏலே, காத்துப் பட்டே விழுந்துட்டாம்லே! அடுத்த தடவ விசிறி வச்சு அடிங்கலே!" என்று கத்தினார். கிட்டங்கியே குலுங்கியது. ஜமாலும் சேர்ந்து சிரித்தார்.

நான் கமிட்டியிடம் ஒரு நிஜ ஆளைக் கேட்டேன். லீவில் வந்திருந்த வத்திராயிருப்புப் பட்டாளத்துப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். மெலிந்த பையன், பேசவே மாட்டான். மணி அடித்ததும் நேராக வந்து இடது கையை ஜமாலின் மூக்கில் வைத்தான். ஓங்கக்கூட இல்லை. கதவைத் தள்ளுகிற மாதிரி. மூக்கு ஒரு பக்கமாகப் போனது. ரத்தம் வாய்க்குள் இறங்கியது. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அடிப்பதைப் பார்க்க நான் போவதில்லை, தம்பி. எந்தப் பையனும் அடிப்பான். முதல் நல்ல அடி மூக்கில் விழுந்த நொடியில் அவன் எங்கே பார்க்கிறான் என்றுதான் பார்ப்பேன். ஜமால் ரெஃபரியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். இது என்ன அநியாயம் என்பதுபோல. அதற்குள் அடுத்த நாலு அடி விழுந்துவிட்டது. ஒரு பல் சாக்கின்மேல் கிடந்தது. யாரோ அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்கள்.

'இவனை இனி ஏற்றாதீர்கள், உள்ளே ஆள் இல்லை' என்று சொன்னேன். மறுநாள் ஜமால் மூக்கில் கட்டோடு டுடோரியலுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் பெஞ்சு மேலே ஏறி வேடிக்கை பார்த்தார்கள்.

"சார், நான் ஆளு இல்லன்னு சொன்னீகளாமே."

"சொன்னேன்."

"அப்ப இங்க நிக்கது யாரு?"

"துணிக் கடைக்காரரு மகன்."

கையை ஓங்கினார். மூக்கு வலித்திருக்க வேண்டும், இறக்கிவிட்டார். போன தீபாவளிக்குக் கடையில் உனக்குத் துணி கிழித்துக்கொண்டே, "அன்னைக்கு ஒங்கள அடிச்சிருக்கணும் சார். நல்ல வேளை, அன்னைக்கும் குறி தப்பிருச்சு" என்று சிரித்தார். நாலு பிள்ளைகள். எல்லோர் பேரும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்று தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

உள்ளே ஆள் இல்லை என்று நான் சொன்னவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். ஒருவர் சேத்தூரில் தேங்காய் வியாபாரம். ஒருவர் போலீஸில். என்னைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பல காலம் பார்த்ததில் சில அடையாளங்கள் படிந்துவிட்டன. அடித்த கையோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறவன் நிற்க மாட்டான். வலித்ததும் சிரிக்கிறவனுக்கு உண்மையிலேயே வலித்திருக்கிறது. விலாவில் ஓர் அடி வாங்கியதும் முழங்கையை அங்கேயே ஒட்டி வைத்துக்கொள்கிறவனை மறுபடி அங்கே அடிக்க வேண்டாம், தலையை அடிக்கலாம், அது திறந்திருக்கும். கோபம் வருகிறவன் மூன்றாவது ரவுண்டில் மூச்சுக்குத் திண்டாடுவான். உண்மையான ஆள், அடி விழுந்தால் அமைதியாகிவிடுவான். முகத்தில் ஒரு விளக்கு அணைவது போல இருக்கும். அப்படி ஒருவனைத்தான் பார்த்தேன். ஒருவனை என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேத்தூர்ப் பரமன். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அவன் அப்பா ராணுவத்தில் சமையல்காரராக இருந்து வந்தவர், ஊரில் பட்டாளத்தார் என்பார்கள். பரமனைப் பற்றிய சத்தம் மற்றவர்களின் சத்தம் மாதிரி இல்லை. போஸ்டரை விட அவனிடம் அடிபட்டவர்கள் அதிகமாகப் பேசினார்கள். நான் போய்ப் பார்த்தேன். மூக்கில் அடி விழுந்தது. விளக்கு அணைந்தது. திரும்பி வந்து கமிட்டியிடம், 'இவன் இருக்கிறான்' என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது போதும்.

கமிட்டியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நீ பழகிய ரிங்குகளில் அது இல்லை, அதனால் சொல்கிறேன். ஆட்டக்காரன் தாங்கமாட்டான் என்று தோன்றினால் அவன் மூலையில் நிற்கிறவன் துண்டை எறியலாம், ஆட்டம் முடிந்தது. உலகம் முழுக்க அப்படித்தான். நம்மாட்கள் அதற்கு மேலே ஒன்று சேர்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மூலையில் நிற்கிறவரை நடுவே கூப்பிட்டு, ஜரிகைத் துண்டு ஒன்றைக் கமிட்டித் தலைவர் தன் கையால் அவர் தோளில் போடுவார். மைக்கில் சொல்வார்கள், 'இன்ன ஊரின் மானம் இந்தத் தோளில் இருக்கிறது' என்று. எறிவதென்றால் அந்தத் துண்டைத்தான் எறிய வேண்டும். துடைக்கிற ஈரத்துணியை எறிந்தால் செல்லாது. அழகான ஏற்பாடு என்று எல்லோரும் கைதட்டினோம். நானும். மேடையில் ஒருவர் கையால் தோளில் விழுந்த துண்டை ரத்தமும் எச்சிலும் கிடக்கிற சாக்கில் விட்டெறிய இந்தப் பக்கத்து மனிதன் எவனுக்குக் கை வரும்? நான் பார்த்த ஒரு சண்டையிலும் அது விழவில்லை.

பரமனுக்கு எதிராக மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒருவன் வந்தான். மூட்டை தூக்கிய தோள். எடையில் கூடுதல், எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். தார்ப்பாயின் ஓட்டை வழியாக வெயில் வட்டம் வட்டமாக விழுந்தது. கிட்டங்கிப் பஞ்சு காற்றில் பறந்துகொண்டே இருந்தது. நான் மதிப்பெண் போடுகிற மேஜையில் இருந்தேன். பட்டாளத்தார் பரமனின் மூலையில், பக்கத்திலேயே, ஜரிகைத் துண்டோடு.

இரண்டாவது ரவுண்டில் துறைமுகத்துக்காரனின் வலது கை பரமனின் காதுக்குப் பின்னால் விழுந்தது. ஈர மூட்டையைத் தரையில் போட்ட சத்தம். பரமனின் கால்கள் அவனுடையவை இல்லாமல் போயின. முழங்காலில் விழுந்தான். எழுந்தான். மூன்றாவதில் மறுபடி விழுந்தான். எழுந்தான். நான்காவதில் ஒரு கண் மூடிவிட்டது. துறைமுகத்துக்காரன் அந்தப் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து குருட்டுப் பக்கத்தில் அடித்தான். நல்ல ஆட்டக்காரன். உதடு கிழிந்து தொங்கியது. ரத்தத்தில் பஞ்சு வந்து ஒட்டியது. கன்னத்தில், மோவாயில், கழுத்தில். கூட்டத்தில் ஒருத்தன், "ஏலே, பரமனுக்குத் தாடி மொளச்சிருச்சுலே!" என்றான். சிரித்தார்கள். பரமன் வாயால் மூச்சு விட்டபோது பஞ்சு உள்ளே போய் இருமினான். இருமும்போதே வயிற்றில் அடி விழுந்தது. ஐந்தாவதில் அவன் விழுந்து எழுந்தான், மணி அடித்ததும் தன் மூலைக்குப் போகாமல் எதிராளியின் மூலைக்குப் போனான். அங்கே போய்த் தலையைக் குனிந்து நின்றான், தண்ணீர் கொடுப்பார்கள் என்று. அவர்கள் அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் மேஜையைத் தட்டினேன். "பட்டாளத்தாரே, துண்டைப் போடுங்க. போடுங்கய்யா."

அவர் திரும்பவே இல்லை. "சும்மா இருங்க சார். அவன் எந்திரிப்பான்."

"எந்திரிக்கதுதான்யா பயமா இருக்கு!"

"நீங்கதான சார் சொன்னீக, இவன் இருக்கான்னு."

ரெஃபரி ஒரு ஹவில்தார். அவர் பட்டாளத்தாரைப் பார்த்தார். துண்டு தோளிலேயே இருந்தது. கையைக் காட்டி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

இப்போது கேள், இது முக்கியம். பட்டாளத்தார் சொன்னது சரி. பரமன் எழுந்தான். ஏழாவது ரவுண்டில் துறைமுகத்துக்காரன் அடித்து அடித்துக் களைத்துப்போய்க் கையை இறக்கினான். பரமன் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தான். கீழே இறங்கி விலாவில் ஒன்று. விறகு முறிகிற சத்தம், நான் மேஜையிலிருந்தே கேட்டேன். அதே இடத்தில் இன்னொன்று. அந்தப் பெரிய உடம்பு பக்கவாட்டில் மடங்கிக் கீழே போய், சாக்கை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தது. எழுந்திருக்கவில்லை. பரமன் ஜெயித்தான். கிட்டங்கிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள். பஞ்சுத் தாடிக்குள் அவன் சிரித்ததை நான் பார்த்தேன். நான் அவனைப் பற்றி எவ்வளவு சொன்னேனோ, போஸ்டரில் எவ்வளவு போட்டார்களோ, அதற்கு மேலேயே இருந்தான். அதுவரை பார்த்த எல்லாரிலும் அவன் ஒருவன்தான்.

சேத்தூர் பஸ்ஸில் "தலை வலிக்குப்பா" என்றானாம். ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தானாம். பிறகு அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஊர் வந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மதுரையில் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் இருந்தது. கமிட்டி அதோடு கலைந்தது. நானும் யாரையும் போய்ப் பார்ப்பதை விட்டேன். பிறகு நீ வளர்ந்தாய், நான் சொல்லிக்கொடுக்காமலே எங்கிருந்தோ கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாய்.

போன மாதம் ராஜபாளையத்தில் உன் ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வந்தேன். பின்னால், முறுக்கு விற்கிறவர் பக்கத்தில் நின்றேன். உன் எதிராளி அனுபவஸ்தன். இரண்டாவது ரவுண்டில் அவன் இடது கை உன் ஈரல் பக்கம் இறங்கியது. அந்த அடியில் பெரிய ஆட்களே உட்கார்ந்துவிடுவார்கள். முறுக்குக்காரர் "போச்சு" என்றார். நான் உன் முழங்கையைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. உன் கண்ணைப் பார்த்தேன். நீ யாரையும் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது.

பிறகு நீ அவன் புருவத்தைக் கிழித்தாய். வெள்ளையாகத் தெரிந்து, அப்புறம் சிவந்தது. அதற்குப் பிறகு நீ வேறு எங்கும் அடிக்கவில்லை. அந்தப் புண்ணை மட்டும். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, திறந்த இடத்திலேயே. அவன் கையால் துடைப்பான், நீ காத்திருப்பாய், கை நகர்ந்ததும் அதே இடத்தில் வைப்பாய். அவன் தலையை எந்தப் பக்கம் திருப்புவான் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன் மார்பெல்லாம் அவன் ரத்தம். அவன் மனைவியோ தங்கையோ முன்வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு "விட்ருங்கய்யா, விட்ருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்காததுதான் சரி. ஒரு தவறுகூடச் செய்யவில்லை நீ. மேஜையில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சின்ன வயதில் கோழி அறுக்கிற கடைக்கு உன்னைக் கூட்டிப்போனால் என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று தேடினேன். முறுக்குக்காரர், "எந்த ஊருப் பயல் சார் இவன்? கசாப்புக் கடைக்காரன் மாதிரிலா இருக்கான்" என்றார். தெரியவில்லை என்றேன்.

நீ பஸ் ஏறின மறுநாள் நான் சேத்தூருக்குப் போனேன். வீடு அதேதான். பரமன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முடி நரைத்துவிட்டது, தலையில் ஒரு பக்கம் பள்ளம். பட்டாளத்தார் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே கை நடுங்குகிறது. மகனின் வாயையும் தன் கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பரமன் என்னைப் பார்த்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்கைத் தேடி எடுத்து, "யாரு... செயிச்சா?" என்றான்.

"நீதாம்லே" என்றார் பட்டாளத்தார். ஒரு வாய் ஊட்டினார். மென்று முடித்ததும் அவன் மறுபடி, "யாரு செயிச்சா?"

"நீதாம்லே. நீதான் செயிச்ச."

நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இது நடந்தது. அவர் குரலில் ஒரு தடவையாவது சலிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கிளம்பும்போது தெருமுனை வரை கூட வந்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன். பம்பாய் ஆட்டம், எட்டு ரவுண்டு என்றேன்.

"ஆளு இருக்கானா சார்?"

"இருக்கான்."

தெருமுனை வந்ததும் நின்றார். பிறகு சொன்னார். "அன்னைக்குத் துண்டைப் போட்டுருந்தா அவன் என்னைய விட்டுருப்பானா? கெடுத்துட்டியேன்னு என் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டான். பயந்துட்டேன் சார். அவன் தோத்துருவான்னு பயப்படல. என்கூடப் பேசாமப் போயிருவானோன்னு பயந்தேன். இப்பப் பேசுதான். இந்தா, நாள் பூராம் பேசுதான்."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் வந்துவிட்டது.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ தேறுவாய். போஸ்டரில் போட்டிருப்பது உண்மை. உள்ளே ஆள் இருக்கிறான். உன் அம்மாவுக்காக இதை மாற்றிச் சொல்ல முயன்றேன், முடியவில்லை. ஜமாலைக் காப்பாற்றியது அவருடைய மூக்கு. வலித்ததும் அது அவருக்குப் போதும் என்று சொல்லிவிட்டது. உனக்கு அது சொல்லாது. உன்னிடம் உள்ள நல்லது எதுவோ அதுதான் சொல்லவிடாது. இனி உன்னைச் சுற்றி நிற்கப்போகிற எல்லோரும் உன்னை நம்புகிறவர்கள். பயிற்சி கொடுக்கிறவர் நம்புகிறார். ஒப்பந்தக்காரர் நம்புகிறார். ரெஃபரி உன் முகத்தைப் பார்த்து, இவன் எழுந்துவிடுவான் என்று நம்புவார். சரக்கில்லாத ஆட்டக்காரன் இரண்டாவது தடவை விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். உன்னை நாலாவது தடவையும் எழவிடுவார்கள். நீயும் எழுவாய். நானும் அதை நம்புகிறேன். பட்டாளத்தாரைவிட அதிகமாக நம்புகிறேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. போடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொல், உன் மூலையில் உன் அப்பா நிற்பார் என்று. முடியாது என்றால் போடாதே. நான் வருகிறேன். டுடோரியலில் லீவு சொல்லியாகிவிட்டது. அம்மாவிடமும் சொன்னேன். "துண்டை எறிய ஒங்களுக்குக் கை வருமா?" என்று கேட்டாள். கொடியில் கிடந்த குளிக்கிற துவாலையை எடுத்துச் சுருட்டிக் கொடுத்து, முற்றத்தின் அந்தக் கோடியைக் காட்டி, "எறிங்க பாப்போம்" என்றாள். எறிந்தேன். பாதி தூரத்தில் விழுந்தது. "நனச்சு எறிங்க, கனமிருக்கும்" என்றாள். இப்போது தினமும் எறிகிறேன். பக்கத்து வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பேச்சு.

நீ ஒரு தடவை உன் மூலை எது என்று தெரியாமல் நடந்தால் எறிவேன். புள்ளியில் நீ முந்தியிருந்தாலும் எறிவேன். இன்னும் ஒரே ரவுண்டு, எதிராளிக்கு மூச்சு வாங்குகிறது, அடுத்த அடியில் அவன் விழப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தாலும் எறிவேன். எனக்குத் தெரியும், தம்பி, அதுவும் எனக்குத் தெரிந்துவிடும். கூட்டம் என்மேல் செருப்பை வீசும். நீ ரிங்குக்கு நடுவில் நின்று, பம்பாய் ஜனம் பார்க்க, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். என்னை விட்டுவிட்டு வேறு ரயிலில் வருவாய். அம்மாவோடு மட்டும் பேசுவாய். வருடக்கணக்கில் அப்படியே போகட்டும். நான் எந்த ஊரில், எந்த ரவுண்டில், உன்னிடமிருந்து எதைப் பறித்தேன் என்று ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திரு. அவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற தலையோடு நீ ஊர் திரும்பினால் எனக்குப் போதும்.

அப்பா